பயிர் வைத்தவர் ஒருவர்... நிவாரணம் வாங்குபவர் ஒருவர்!

புயலடித்த காரைக்கால் வயல்களுக்கு வரும் அரசுப் பணம் எப்படிக் கணக்காகிறது, யார் கைக்குப் போகிறது, யாரை விட்டுவிடுகிறது?

தரங்கம்பாடியிலிருந்து தெற்கே வரும் சாலை, பூவத்தில் நண்டலாற்றைத் தாண்டியதும் காரைக்கால் மாவட்டம் தொடங்கிவிடுகிறது. வடகரை தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டம். தென்கரை புதுச்சேரி யூனியன் பிரதேசம். கடலை ஒட்டி மண்டபத்தூர், காளிக்குப்பம், அக்கம்பேட்டை என்று மீனவக் கிராமங்கள். சற்று உள்ளே வந்தால் கோட்டுச்சேரி, நெடுங்காடு பக்கத்துச் சம்பா வயல்கள். இரு கரையிலும் ஒரே வண்டல் மண். காவிரி வந்தால் இருவருக்கும் கடைமடைத் தண்ணீர். வெள்ளம் வந்தாலும் அப்படித்தான்: மேலே இருக்கும் வயல்கள் வடிந்த பிறகே இங்கே வடியும்.

2024 நவம்பர் கடைசி வாரம். ஃபெஞ்சல், புயலாகப் பெயர் பெறுவதற்கு முன்பே ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக டெல்டா கரைக்கு அப்பால் நின்று மழையைக் கொட்டியது. தூர் கட்டும் பருவத்தில் இருந்த சம்பாப் பயிர் தண்ணீருக்குள் போனது. பிறகு அது வடக்கே நகர்ந்து நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2ஆம் தேதி முதல்வர் ரங்கசாமி, பாதித்த பயிருக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாய் என்று அறிவித்தார். மறுநாள் தமிழ்நாட்டு முதல்வர் ஸ்டாலின் அறிவித்த பட்டியலில், 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். குடும்ப அட்டைக்கான உதவியிலும் அதே இடைவெளி: புதுச்சேரியில் 5,000, தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதித்த மாவட்டங்களுக்கு 2,000.

ஒரே மழையில் மூழ்கிய நெல்லுக்கு, ஆற்றின் இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. இந்த வித்தியாசம்தான் டீக்கடை விவாதமாகிறது, சட்டமன்றத்தில் கேள்வியாகிறது. ஆனால் தொகை எவ்வளவு என்ற சண்டையில் ஒரு கேள்வி ஓரமாகப் போய்விடுகிறது. அந்தத் தொகை யார் பெயரில் வருகிறது?

மா கணக்கில் எவ்வளவு?

அரசாணை ஹெக்டேரில் பேசும். டெல்டா விவசாயி மாவில் கணக்குப் போடுவார். நூறு குழி ஒரு மா. ஏறக்குறைய 33 சென்ட். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். புதுச்சேரி அறிவித்த 30,000, ஏக்கருக்கு 12,140 ரூபாய். மாவுக்குச் சுமார் 4,000. தமிழ்நாட்டின் 17,000, ஏக்கருக்கு 6,880. மாவுக்கு 2,270 சொச்சம்.

நெல்லாகவே மாற்றிப் பார்க்கலாம். 2024-25இல் சாதாரண ரக நெல்லுக்கு ஒன்றிய அரசு வைத்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். அந்த விலையில், புதுச்சேரி நிவாரணம் ஏக்கருக்கு அறுபது கிலோ மூட்டையில் ஒன்பது மூட்டைக்குச் சற்றுக் குறைவு. தமிழ்நாட்டு நிவாரணம் ஐந்து மூட்டை. உழவு, விதை, நாற்று, நடவு, இரண்டு முறை உரம் என்று போட்டு முடித்த வயலுக்கு இதுதான் ஈடு. இதில் யாருக்கும் ஒளிவுமறைவு இல்லை. விதிப்புத்தகமே இந்தப் பணத்துக்கு வைத்திருக்கும் பெயர் ‘இடுபொருள் மானியம்’. போன விளைச்சலுக்கு விலை கொடுப்பது அதன் நோக்கமே இல்லை. அடுத்த பயிருக்கு விதையும் உரமும் வாங்கக் கைகொடுப்பதுதான் நோக்கம். மேடையில் ‘இழப்பீடு’ என்று அறிவிக்கும்போதுதான் குழப்பம் பிறக்கிறது.

விதிப்புத்தகம் என்ன சொல்கிறது?

2022 முதல் 2026 வரைக்கான ஒன்றிய உள்துறையின் பேரிடர் நிவாரண விதிகள்தான் இந்த அறிவிப்புகளுக்கு அடித்தளம். மாநிலங்கள் தங்கள் பணத்தைப் போட்டு அதற்கு மேல் கொடுக்கலாம். 30,000 அப்படி உயர்ந்த தொகைதான். அடித்தள விகிதங்கள் இவை:

• மானாவாரிப் பயிர்: ஹெக்டேருக்கு 8,500 ரூபாய்
• பாசனப் பயிர்: ஹெக்டேருக்கு 17,000 ரூபாய்
• தென்னை, மா போன்ற பல்லாண்டுப் பயிர்: ஹெக்டேருக்கு 22,500 ரூபாய்
• வயலில் படிந்த மணலையும் சேற்றையும் அகற்ற: ஹெக்டேருக்கு 18,000 ரூபாய்
• இறந்த கறவை மாடு: 37,500 ரூபாய், ஆடு: 4,000 ரூபாய்
• முழுதும் சேதமான படகு: 15,000 ரூபாய், பகுதி சேதம்: 6,000 ரூபாய்
• முழுதும் போன வலை: 4,000 ரூபாய், பகுதி சேதம்: 3,000 ரூபாய்

பயிருக்கு இரண்டு நிபந்தனைகள். சேதம் 33 சதவீதமாவது இருக்க வேண்டும். 2015 வரை இது 50 சதவீதமாக இருந்தது. ஒரு விவசாயிக்கு இரண்டு ஹெக்டேர் வரைதான்; அதாவது ஏறக்குறைய பதினைந்து மா.

இந்த 33 சதவீதத்தை அளப்பதுதான் வயலில் பெரிய பாடு. வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து வந்து கண்ணால் பார்த்துக் குறிக்கும் கணக்கு அது. தண்ணீர் வடிந்த பிறகு வரும் அதிகாரிக்குப் பயிர் பச்சையாகத்தான் தெரியும். வேர் அழுகியது ஒரு வாரம் கழித்து மஞ்சளாகத் தெரியும். கதிர் பதராகப் போனது தை அறுப்பில்தான் தெரியும். அடித்த மழையைவிட, கணக்கெடுக்க வந்த தேதியே ஒரு விவசாயியின் சதவீதத்தைத் தீர்மானித்துவிடும்.

மாநிலமும் இல்லை, நிதிக்குழுவும் இல்லை

தமிழ்நாடு போன்ற மாநிலத்துக்குப் பேரிடர் நிதி ஆண்டுதோறும் தயாராக இருக்கும். நிதிக்குழு பரிந்துரைக்கும் அந்தத் தொகையில் 75 பங்கு ஒன்றிய அரசு, 25 பங்கு மாநிலம். புதுச்சேரிக்குச் சட்டமன்றம் உண்டு, முதல்வர் உண்டு. ஆனால் நிதிக்குழுவின் வரம்புக்குள் அது வருவதில்லை. ஒன்றிய உள்துறை வழியாகத்தான் உதவி கேட்க வேண்டும். காரைக்காலுக்கு அதற்கு முன் இன்னொரு படி. ஆட்சியர் அலுவலகத்தில் தயாராகும் சேதப் பட்டியல் சுமார் 130 கிலோமீட்டர் தாண்டிப் புதுச்சேரி தலைமைச் செயலகம் போக வேண்டும். நிதித்துறை, துணைநிலை ஆளுநர் என்று கோப்பு நகர வேண்டும். பெருந்தொகை என்றால் டெல்லி.

டெல்லி எவ்வளவு நாள் எடுக்கிறது? கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. தமிழ்நாட்டுக்கு 1,146.12 கோடி ரூபாய்க்கான ஒப்புதல் டிசம்பர் 31 அன்று வந்தது. புதுச்சேரிக்கு 13.09 கோடி ரூபாய் ஒப்புதலாக ஜனவரி 29 ஆனது. ஃபெஞ்சலில் இன்னும் நீண்டது: 2024 நவம்பர் 30 புயலுக்கு ஒன்றிய அரசின் உயர்நிலைக் குழு 33.06 கோடி ரூபாயைப் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 2025 ஏப்ரல் 5 அன்று. யூனியன் பிரதேச அரசு தன் கையிருப்பிலிருந்து முன்கூட்டியே கொடுத்தால் பிழைத்தது. டெல்லிக்காகக் காத்திருந்தால், அதற்குள் சம்பா அறுவடை முடிந்து, அந்த வயலில் தெளித்த உளுந்தும் பயறும் வீட்டுக்கு வந்துவிடும். குறுவைக்கு நாற்றுவிடும் யோசனை தொடங்கிவிடும். அடுத்த பயிருக்கான உதவி என்று பெயர் வைத்த பணம், அடுத்த பயிரே அறுவடையான பிறகு வந்தால் அதை வட்டிக்காரர்தான் முதலில் பார்ப்பார்.

விழுந்த மரமும் அறுத்த கையும்

நெல்லாவது நான்கைந்து மாதப் பயிர். தென்னை விழுந்தால் ஒரு தலைமுறை விழுந்த மாதிரி. நெட்டை ரகம் காய்ப்புக்கு வரவே ஆறேழு ஆண்டுகள். அதன் பிறகு அறுபது ஆண்டுகள் வரை பலன் தரும். கஜாவில் வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்ந்தபோது, ஹெக்டேர் விகிதம் போதாது என்பது அரசுக்கே புரிந்தது. தமிழ்நாடு மரக்கணக்கில் அறிவித்தது: மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய்.

அந்த 1,92,500 ரூபாயில் 87,500 ரூபாய் வெட்டி அகற்றுவதற்கு மட்டும். விழுந்த மரத்தின் இழப்புக்குக் கிடைத்ததில் பாதிக்கு மேலான தொகை, அதைத் தோப்பிலிருந்து வெளியே இழுக்கவும் தேவைப்பட்டது. மரம் அறுக்கும் தொழிலாளியை அரசாணை கிட்டத்தட்டத் தொட்ட ஒரே இடம் இதுதான். அதுவும் தோப்புக்காரர் கணக்கில் போய், அவர் கொடுக்கும் கூலியாக வந்த பணம். தென்னை ஏறிக் காய் பறித்தவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண்கள், கரையோரச் சவுக்கை வெட்டி லாரியில் ஏற்றியவர் ஆகியோருக்கு அந்தத் தோப்போடு தொழிலும் போனது. விதிப்புத்தகத்தில் அவர்களுக்கென்று மரக்கணக்கும் இல்லை, ஹெக்டேர் கணக்கும் இல்லை.

வேறு மாதிரியும் யோசிக்க முடியும். கொரோனாவில் மரத்தொழில் படுத்தபோது அமெரிக்க வேளாண் துறை 2021இல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கி ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதில் பணம் பெறத் தகுதியானவர்கள் மரம் அறுப்பவர்களும் அதை லாரியில் ஏற்றிச் செல்பவர்களும். 2019ஐவிட 2020இல் வருமானம் குறைந்தது 10 சதவீதம் சரிந்திருக்க வேண்டும் என்பது அளவுகோல். காடு யாருடையது என்ற கேள்வியை அந்தப் படிவம் கேட்கவில்லை. தொழிலில் எவ்வளவு போனது என்று கேட்டது. அமெரிக்காவில் எல்லாம் நியாயமாக நடக்கிறது என்று சொல்வதற்கில்லை. உழைப்பின் இழப்பையும் ஓர் அரசுப் படிவத்தில் அளக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

பட்டா யார் பெயரில்?

நம் படிவம் பட்டாவில் தொடங்குகிறது. பட்டா நகல், ஆதார், வங்கிப் புத்தகம், இந்தப் பட்டத்தில் இந்த வயலில் நெல்தான் நின்றது என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று. இவை இருந்தால் உழவர் உதவியகத்தில் விண்ணப்பம் நகரும். நிலத்துக்காரரே பயிர் வைத்தவராக இருந்தால் சிக்கல் இல்லை.

கடைமடையில் அப்படி இருக்கும் வயல்கள் எத்தனை? கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்கும் உறவினரின் நிலத்தை வாய்ப்பேச்சில் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டாவை நான்கு பங்காளிகள் பிரித்து உழும் குடும்பங்கள் இருக்கின்றன. புதுச்சேரியில் 1970இலேயே சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் 1969ஆம் ஆண்டினது. ஆனால் எழுத்தில் குத்தகை கொடுத்தால் உரிமை போய்விடுமோ என்ற பயம் நிலத்துக்காரருக்கு. எழுதிக் கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காதோ என்ற பயம் குத்தகைக்காரருக்கு. இரண்டு பயமும் சேர்ந்து காகிதத்தை வெறுமையாக வைத்திருக்கின்றன. வெள்ளம் வந்ததும் அந்த வெறுமைதான் பேசுகிறது. கடன் வாங்கி உரம் போட்டவர் சேற்றில் நிற்க, பட்டாவில் பெயர் உள்ளவர் கைபேசியில் பணம் வந்த குறுஞ்செய்தி ஒலிக்கும். நல்ல மனம் இருந்தால் அவர் பாதியைக் கொடுப்பார். நியாயம் அவர் மனத்தைப் பொறுத்தது.

நடவும் களையெடுப்பும் செய்யும் பெண்கள் இதற்கும் வெளியே. மூழ்கிய வயலில் களை எடுக்க ஆள் வேண்டாம். சாய்ந்த கதிரை அறுக்கவும் ஆள் வேண்டாம். அவர்களுக்கு விதியே இல்லை என்றும் சொல்ல முடியாது. வாழ்வாதாரம் கடுமையாகப் பாதித்த குடும்பத்தில் பெரியவர் இருவருக்கு, ஊரக வேலைத் திட்டக் கூலியை அடிப்படையாக வைத்து, வழக்கமாக 30 நாள் வரை உதவலாம் என்று ஒன்றிய விதிகளிலேயே ஒரு வரி இருக்கிறது. ஹெக்டேர் தொகையைப் போல அந்த வரி தலைப்புச் செய்தியாவதில்லை.

பட்டியலில் பெயர் விட்டுப்போனால் யாரிடம் போய்க் கேட்பது? நண்டலாற்றுக்கு வடக்கே ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் என்று வாக்குக் கேட்டு வந்த முகங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். தெற்கே கொம்யூன் பஞ்சாயத்துகளுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2006இல். அதற்கு முந்தையது 1968இல். 2011இல் பதவிக்காலம் முடிந்தபின் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி காரைக்காலில் இல்லை. அதிகாரி எழுதிய பட்டியலை ஊர் நடுவில் படித்துச் சரிபார்க்கும் மேடை இல்லாமல் போனது. மிச்சம் இருப்பது தொகுதி எம்.எல்.ஏ.வின் வீட்டு வாசல்.

கடல் பக்கம் ஒரு வழி தெரிகிறது

மண்டபத்தூரின் கடல் பக்கத்தைப் பார்த்தால் வயல் பக்கத்துக்கு ஒரு பதில் கிடைக்கும். படகும் வலையும் போனால் அங்கேயும் பெயரில்தான் பணம். சில லட்ச ரூபாய் பெறும் ஃபைபர் படகு உடைந்து நொறுங்கினால் ஒன்றிய விதியில் 15,000 ரூபாய், அதுவும் படகுக்காரருக்கு. பங்குக்குக் கடலுக்குப் போனவருக்கு அதில் பங்கு இல்லை. ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நிவாரணம் வேறு விதமாக வருகிறது. அது மீனவக் குடும்பத்துக்கு வருகிறது. படகு வைத்திருக்கிறாயா என்று அங்கே கேட்பதில்லை. தொழில் கடலா என்றுதான் பார்க்கிறார்கள். மீன்வளத் துறையிடம் அந்தக் குடும்பங்களின் பட்டியல் தயாராக இருக்கிறது, ஆண்டுதோறும் திருத்துகிறார்கள்.

ஒரே மாவட்டத்தில், ஒரே அரசு, கடலில் தொழிலைப் பார்த்துப் பணம் தருகிறது. வயலில் பத்திரத்தைப் பார்த்துப் பணம் தருகிறது. முன்னதைச் செய்யத் தெரிந்த நிர்வாகத்துக்குப் பின்னதை மாற்றத் தெரியாது என்று சொல்ல இடமில்லை.

காப்பீடு கைகொடுக்குமா?

நிவாரணம் சிறிய தொகை. பெரிய இழப்புக்குக் காப்பீடு இருக்கிறதே என்பது வழக்கமான பதில். 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்ட வேண்டிய பங்கையும் புதுச்சேரி அரசே ஏற்றுக்கொள்கிறது. அந்த வகையில் தமிழ்நாட்டு விவசாயியைவிடக் காரைக்கால் விவசாயிக்குச் சாதகம். ஆனால் அது தனி வயலின் இழப்பைப் பார்க்காமல், அறிவிக்கை செய்த பகுதியின் சராசரி மகசூலைப் பார்த்து இழப்பீடு தரும் திட்டம். ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியை ஒட்டி ஓர் அளவு நிர்ணயிப்பார்கள். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் பரப்பில் மாதிரி அறுவடை செய்து, அந்த அளவுக்குக் கீழே போனால்தான் பணம். மேட்டு வயல்கள் நன்றாக விளைந்துவிட்டால் பள்ளத்து வயல்காரரின் இழப்பு சராசரியில் கரைந்துபோகும்.

தனி வயலின் சேதத்தையும் பார்க்க ‘உள்ளூர்ப் பேரிடர்’ என்று ஒரு பிரிவு உண்டு. 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். நெல் வயலில் தண்ணீர் தேங்குவதை 2018இல் அந்தப் பிரிவிலிருந்தே நீக்கினார்கள். கடைமடை விவசாயிக்கு அதிகம் வரும் ஆபத்து எதுவோ, அதுவே பட்டியலிலிருந்து போனது. 2026 காரீஃப் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. வரவேற்க வேண்டிய திருத்தம். ஆனால் வெள்ளத்தில் மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் படுத்த நாளில் 72 மணி நேரத்துக்குள் செயலியில் படம் ஏற்றுவது எப்படி என்பதை உழவர் உதவியகங்கள் இப்போதே பழக்கினால்தான் அது வயலுக்கு இறங்கும். குத்தகைக்காரர் பெயர் பதிவாகாத வரை அந்தத் திருத்தமும் பட்டாக்காரருக்கே பயன்படும்.

செய்து பார்த்தவர்கள்

ஆந்திரா 2011இலேயே குத்தகை விவசாயிகளுக்குக் கடன் தகுதி அட்டை கொடுக்கச் சட்டம் போட்டது. 2019இல் அதை மாற்றிப் பயிர் வைப்பவரின் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. பதினொரு மாத அட்டை. நில உரிமையை அது தொடாது. பயிருக்கான கடன், காப்பீடு, நிவாரணத்துக்கு மட்டும் செல்லும். நிலத்துக்காரரின் பயத்துக்கு நேராகப் பதில் சொன்ன சட்டம் அது. நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும் என்பதால் அங்கும் எல்லாக் குத்தகைக்காரருக்கும் அட்டை எட்டவில்லை. ஒடிசா 2018 டிசம்பரில் அறிவித்த காலியா திட்டத்தில் வாரத்துக்கு உழுபவரையும் நிலமில்லாத விவசாயக் குடும்பங்களையும் சேர்த்தது. தெலங்கானா 2025 ஜனவரி முதல் நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்று தொடங்கியது. மூன்றிலும் குறைகள் உண்டு. ஆனால் மூன்றும் பட்டாவுக்கு வெளியே நிற்பவரைப் பட்டியலுக்குள் கொண்டுவர முயன்றவை.

காரைக்காலின் பரப்பு 160 சதுர கிலோமீட்டர்தான். ஐந்து கொம்யூன்களும் ஒரு நகராட்சியும். இவ்வளவு சிறிய இடத்தில் சம்பா நடவு முடிந்த கையோடு எந்த வயலில் யார் பயிர் வைத்திருக்கிறார் என்று பதிவு செய்ய முடியும். கோயில் நிலத்தில் தொடங்குவது எளிது. அங்கே நிலத்துக்காரரும் குத்தகைக் கணக்கும் பொதுப் பார்வையில் இருக்கின்றன. அந்தப் பட்டியலைக் கொம்யூன் அலுவலக வாசலில் ஒட்டி, ஆட்சேபணை கேட்டு, ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாம். மீனவக் குடும்பப் பட்டியலைப் போல விவசாயக் கூலிக் குடும்பங்களுக்கும் ஒன்று வைத்தால், ஒன்றிய விதியில் தூங்கும் அந்த 30 நாள் வரிக்கும் உயிர் வரும்.

ஹெக்டேருக்கு முப்பதாயிரத்தை நாற்பதாயிரமாக்குவது ஒரு மாலை அறிவிப்பில் முடிகிற காரியம். அடுத்த புயலில் அப்படியே நடக்கவும் கூடும். விட்டுப்போன பெயர்களைச் சேர்க்க ஒரு பட்டம் முழுக்க வயல் வயலாக நடக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யாமல் தொகையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், சேற்றில் நிற்பவருக்கும் பணம் பெறுபவருக்கும் உள்ள தூரம்தான் ஒவ்வொரு புயலிலும் விலை உயர்ந்துகொண்டு போகும்.